நம்மாத்து உறை

பசுவின் பாலை அருந்தாத எந்த ஜனசமூகமும் இவ்வுலகில் நிமிர்ந்து நின்றதில்லை என்று மும்பை மாதுங்கா சமாஜத்தின் மாடி ஹாலில் சுந்தரராமன் பிரகடனம் செய்த அதே நேரத்தில், கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த அவருடைய பேரன் பால் பாயசத்தை முன் நாற்காலி மாமியின் பட்டுப்புடவை மேல் வாந்தி எடுத்தான்.

பேச்சாளர் அதைக் கவனிக்கவில்லை. பின்னால் எழுந்த சலசலப்பைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு குரலை இன்னும் கொஞ்சம் உயர்த்தினார். ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியின் கோட்டை அலுவலகத்தில் டெபுடி மேனேஜராக இருந்து ரிடையர் ஆனவர் அவர். அந்த உத்தியோகத்தில் யாரும் அவரைப் பேச விட்டதில்லை. சமாஜம் விட்டது. வேதகாலத்துப் பசுவில் தொடங்கி அவர் கூட்டுறவுப் பால்பண்ணைக்கு வந்து சேருவதற்குள், மகள் வந்தனா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கி டாக்ஸி பிடித்திருந்தாள். குழந்தையின் கழுத்திலும் காதோரத்திலும் தடிப்புத் தடிப்பாக எழும்பியிருந்தது. உதடு வீங்கியிருந்தது.

குழந்தைக்கு நிகிலேஷ் என்று பெயர். வீட்டில் குட்டன். இரண்டு வயது முடியப்போகிறது. தாய்ப்பால் நின்றதிலிருந்தே அவனுக்குப் பால் கொடுத்தால் வயிற்றுவலி, கொடுக்காவிட்டால் தாத்தாவின் உபந்நியாசம். இரண்டில் எது கெடுதல் என்று தெரியாமல் வந்தனா மாதக்கணக்காகத் தடுமாறிக்கொண்டிருந்தாள். பாயசம் அதைத் தீர்த்து வைத்தது.

டாக்டர் சாதியாவின் கிளினிக் செம்பூர் ஸ்டேஷன் பக்கம், நகைக்கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில். சாதியா தாராவியில் வளர்ந்தவள், பூர்வீகம் மேலப்பாளையம். தமிழ் சரளமாகப் பேசுவாள். வாசல் பலகையில் தமிழில் எழுதியிருப்பது தன் பெயர்தானா என்பதை மட்டும் வேறு யாராவது படித்துச் சொல்ல வேண்டும். ரத்தப் பரிசோதனை முடிவு வந்த அன்று சுந்தரராமனும் கூடப் போயிருந்தார், ஜிப்பாவும் மூக்குக்கண்ணாடியும் சகிதம்.

"பால் அலர்ஜி. பால்ல இருக்கிற புரோட்டீனை இவன் உடம்பு விரோதின்னு நினைக்குது" என்றாள் சாதியா. "இனிமே பால் பந்த்."

"பசும்பால் மட்டும்தானே?" என்றார் சுந்தரராமன்.

"பசு, எருமை, ஆடு, எல்லாம் ஒரே குடும்பம்தான் அங்கிள்."

"லாக்டோஸ் இல்லாத பால்னு பாக்கெட்ல விக்கறாளே டாக்டர்?" என்றாள் வந்தனா.

"அது வேற கம்ப்ளெயின்ட்டுக்கு. அதுல சர்க்கரையை மட்டும் சரி பண்ணியிருப்பாங்க. புரோட்டீன் அப்படியேதான் இருக்கும். இவனுக்கு ஆகாது."

சுந்தரராமன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். ஜாமீன் கேட்கும் வக்கீலைப் போல ஒவ்வொருவராகக் கூண்டில் ஏற்றினார்.

"தயிர்?"

"பால்தான்."

"மோர்? அதுலே என்ன இருக்கு? முக்காலும் ஜலமாக்கும்."

"தண்ணி ஊத்தினா ஆள் மாறிடுமா அங்கிள்?"

"நெய்? நெய் அக்னியிலே ஏறி இறங்கினதாக்கும்."

"ஏறி இறங்கினாலும் கொஞ்சம் ஒட்டிக்கிட்டுத்தான் இருக்கும். வேணாம்."

"அப்போ கொழந்தை என்னத்தைத்தான் சாப்பிடறது?"

"சாதம், பருப்பு, காய்கறி, பழம். இதெல்லாம் உங்க வீட்டுல கிடையாதா?"

உண்டு. ஆனால் அவையெல்லாம் அந்த வீட்டில் தயிருக்குத் துணையாக வந்தவை. காலையில் கள்ளிச்சொட்டுக் காபியில் தொடங்கி ராத்திரி மோர் சாதத்தில் முடிகிற வீடு அது. நடுவில் நெய் விழாத பண்டம் அந்த வீட்டுத் தட்டுக்கு வந்தது கிடையாது.

சாதியா வந்தனாவின் பக்கம் திரும்பிக்கொண்டாள். "சோயா பால் ட்ரை பண்ணலாம். முதல் தடவை இங்கேயே, என் கண் முன்னாடி. ஒத்துக்கிட்டா வீட்டுல தொடருங்க. சர்க்கரை போடாதது, கால்சியம் சேர்த்ததுன்னு பாக்கெட் மேல படிச்சுப் பார்த்து வாங்குங்க. பாதாம் பால், அரிசிப் பால்லாம் இந்த வயசுக்கு நம்பி ஓட்ட முடியாது, சத்து பத்தாது. தேங்காய்ப்பாலைக் குழம்புல ஊத்துங்க, தம்ளர்ல ஊத்தாதீங்க. இவன் வெயிட் ஏற்கெனவே கம்மி. அது ஏறணும். எனக்கு வேற எதுவும் முக்கியம் இல்லை."

தேங்காய்ப்பாலைப் பற்றிச் சொன்னது சுந்தரராமனை நேராகத் தாக்கியது. பாலக்காட்டுக்காரரான அவர் அதைத்தான் அடுத்த சாட்சியாகக் கூப்பிட உத்தேசித்திருந்தார்.

கிளினிக்கிலேயே குட்டன் சோயா பாலை முதலில் ஒரு மடக்கு, பிறகு அரைத் தம்ளர் குடித்தான். எல்லோரும் அவன் கழுத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தடிப்பு வரவில்லை. அவன் மீன் தொட்டியில் கைவிடப் போய்த் திட்டு வாங்கினான். அன்றைக்கு வேறு அசம்பாவிதம் இல்லை.

கிங்ஸ் சர்க்கிளுக்குப் பின்னால், லிஃப்ட் இல்லாத பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடி அவர்கள் வீடு. சுந்தரராமனின் மனைவி விசாலாக்ஷி இரண்டாவது மகளின் பிரசவத்துக்காக பெங்களூர் போயிருந்தாள். வந்தனாவின் கணவன் அனந்துக்குப் புனேயில் வேலை. சனிக்கிழமை வந்து, தூங்கி, திங்கட்கிழமை போவான். வந்தனா ஐரோலியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனிக்குப் போகிறவள். காலையில் தாணே வரைக்கும் ஒரு ரயில், அங்கிருந்து இன்னொரு ரயில். ஆகவே பகல் முழுவதும் வீட்டின் நிர்வாகம் சுந்தரராமன் கையில் இருந்தது. அதாவது, மாரிசெல்வி கையில் இருந்தது, அவர் மேற்பார்வை பார்த்தார்.

மாரிசெல்வி வீட்டு வேலைக்குத் தாராவியிலிருந்து நடந்தே வருவாள். விடிவதற்கு முன்பே எழுந்து ஈடு ஈடாக இட்லி அவித்து, சட்னி அரைத்து, தூக்கில் ஊற்றி, புருஷன் ராஜபாண்டியை சைக்கிளோடு விற்க அனுப்பிவிட்டு வருகிற கை அது. மாதுங்கா மாடி ஏறும்போதும் அதில் ஆவியின் சூடும் தேங்காய் மணமும் இருக்கும். குட்டன் அந்தக் கையை மோந்து பார்த்துவிட்டுத்தான் அவள் இடுப்பில் ஏறுவான்.

பால் நின்று போன செய்தி கேட்டதும் அவளிடம் ஒரு தீர்வு தயாராக இருந்தது.

"மாமா, ஒண்ணு சொல்லுதேன், கோவப்படாதீய. எங்க பக்கத்துத் தெருவுக்குக் கழுதையக் கூட்டிக்கிட்டு வாராவ. ஒரே ஒரு சங்கு கழுதைப்பால் குடுத்தாப் போதும், பிள்ளைக்கு ஒரு சீக்கும் அண்டாது. எம் மவனுக்குக் குடுத்தேன். இன்னைக்குப் பன்னெண்டாப்பு படிக்கான்."

"கழுதைப்பால் குடிச்சா பன்னெண்டாம் கிளாஸ் படிக்கலாமோ?"

"பின்ன? நானா சொல்லிக்குடுத்தேன்?"

"டாக்டர் ஆடே வேண்டாம்னுட்டா. கழுதை என்ன ஆட்டைவிட உசத்தியோ?"

"கழுதையைப் பத்தி டாக்டரம்மா ஒண்ணும் சொல்லலியே."

"கேட்டா வேண்டாம்பா."

"அப்பம் கேக்காண்டாம்."

வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த வந்தனா உள்ளே எட்டிப் பார்த்தாள். "மாரிக்கா, நாலு கால் இருக்கற எதோட பாலும் வேண்டாம். நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து எதுவும் முடிவு பண்ணாதேங்கோ. எனக்கு லோக்கல் ட்ரெயின் போயிடும்."

"நீ தைரியமா போ" என்றார் சுந்தரராமன். "நான் இருக்கேன்."

அதுதான் அவளுடைய பயமும்.

பாக்கெட் சோயா பாலைக் குட்டன் எந்தக் கௌரவமும் பார்க்காமல் குடித்தான். கௌரவம் பார்த்தது தாத்தாதான். ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, சுண்டல் வேகவைத்த தண்ணீரில் சாக்பீஸ் கரைத்தது என்று தீர்ப்பு வழங்கினார். பரவாயில்லை, குடிப்பது எதை வேண்டுமானாலும் குடிக்கட்டும். ஆனால் தயிர் சாதம் தெரியாமல் ஒரு பாலக்காட்டுக் குழந்தை வளர்வதா? நாளைக்கு இவனுக்கு ஜுரம் வந்தால் எதைக் கரைத்துக் கொடுப்பது? பரீட்சைக்குப் போகும்போது எதைச் சாப்பிட்டுவிட்டுப் போவான்? கல்யாணப் பந்தியில் கடைசியில் கையை என்ன செய்வான்?

"சோயாவிலேயே தயிர் பண்ணலாமே அப்பா" என்று வந்தனாதான் வாய்தவறிச் சொன்னாள்.

மறுநாளிலிருந்து சமையலறை ஒரு தொழிற்சாலை ஆயிற்று. பாக்கெட் பாலில் தயிர் தளர்வாக இருந்ததால், தயிருக்கு மட்டும் வீட்டிலேயே சோயா அரைப்பது என்று சுந்தரராமன் தீர்மானம் போட்டார். ஊறவைத்த சோயாவை மாரிசெல்வி விரல்களுக்கிடையில் பிசைந்து தோல் நீக்குவாள். தோல் மிதந்து வரும், வடிப்பாள், மறுபடி பிசைவாள். கிரைண்டரில் வெண்ணெயாக அரைத்து, மல்லுத்துணியில் ஊற்றி, ஈரப் புடவை பிழிகிற மாதிரி முறுக்குவாள். பிறகு அடுப்பு. சோயா பாலுக்கு மாட்டுப்பாலின் நாகரிகம் கிடையாது. பொங்கப் போகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லாது. ஒரு கணம் சாதுவாக இருக்கும், அடுத்த கணம் நுரை அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் இறங்கிப் போய்க்கொண்டிருக்கும். பச்சை வாடை எதிர் வீட்டு ஹன்ஸாபென் வீடு வரைக்கும் போய், அவள் ஜன்னலைச் சாத்துகிற சத்தம் கேட்கும்.

"மாமா, அடுப்பைப் பார்த்துக்கிடுங்கன்னு சொல்லிட்டுத்தான போனேன்?"

"பார்த்துண்டுதான் இருந்தேன்."

"பொங்குனதப் பார்த்தீயளா?"

"பார்த்தேன்."

"அணைக்கலியா?"

"அணைக்கச் சொல்லி நீ சொல்லலையே."

இந்தச் சம்பாஷணை மழைக்காலத் தொடக்கத்தில் அந்த வீட்டில் அநேகமாகத் தினமும் நடந்தது. ஆனால் தயிர் நன்றாகவே வந்தது. கட்டியாக, வெண்மையாக, குழைந்த சாதத்தில் பிசைந்தால் எந்த மாட்டுத் தயிருக்கும் பதில் சொல்லும்படி. குட்டன் கிண்ணத்தை வழித்தான். கிண்ணத்தடியில் இருந்த முயல் படத்தையும் நக்கினான். சுந்தரராமன் போட்டோ எடுத்து, சமாஜத்தின் வாட்ஸ்அப் குழுவில், "விஞ்ஞானமும் பாரம்பரியமும் கைகோத்தபோது" என்ற தலைப்பில் போட்டார்.

இரண்டு வாரம் ஆவதற்குள் குட்டனின் வாயைச் சுற்றிச் சிவந்து தடித்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதான். வயிற்றால் போயிற்று. மாரிசெல்வி துணி அலசி அலசிப் போட்டாள், மழையில் ஒன்றும் காயவில்லை. வீடு முழுக்கக் கயிறு கட்டி ஈரத் துணி தொங்கியது. சுந்தரராமன் ஹாலில் குனிந்து குனிந்து நடந்தார். ஏறியிருந்த கொஞ்ச எடையும் இறங்கியது.

"சோயாவும் ஆகலை போல இருக்கு" என்றாள் சாதியா. இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை. "சில பிள்ளைகளுக்கு அப்படி ஆகும். வேற எதுவும் உள்ள போகலியே? பிஸ்கெட், பிரெட், கேக்?"

"சோயா பாலும் சோயாத் தயிரும் தவிர எதுவுமே இல்லை டாக்டர். பாக்கெட் பாக்கெட்டா படிச்சுத்தான் வாங்கறேன்."

"அப்போ சோயாவை நிறுத்திடலாம். ஸ்பெஷல் ஃபார்முலா எழுதறேன். டேஸ்ட் நல்லா இருக்காது. பழக்கணும். இந்த மாசமும் வெயிட் ஏறலைன்னா அட்மிட் பண்ணித்தான் பார்க்கணும்."

அந்த மாவைக் கரைத்ததும் ஊசிப்போன உருளைக்கிழங்கின் வாசனை வந்தது. குட்டன் ஒரு வாய் வாங்கி, யோசித்து, வந்தனாவின் ஆபீஸ் உடுப்பு மேல் துப்பினான். மறுநாளும் துப்பினான். பிறகு டப்பாவைப் பார்த்தாலே நாற்காலிக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டான். அலமாரியில் சோயா பாக்கெட்டைக் காட்டி, "அது, அது" என்று அழுதான். வந்தனா அதை எடுத்து மேல்தட்டில் ஒளித்து வைத்தாள். அவன் பிரியமாகக் குடித்த ஒரே பானம் அது.

வந்தனா கணக்குப் பிரிவில் பிழை தேடிச் சம்பளம் வாங்குகிறவள். ரயிலில் நின்றுகொண்டே அதைத்தான் யோசித்தாள். கிளினிக்கில் குடித்தான், ஒன்றும் ஆகவில்லை. முதல் சில நாள் வெறும் பாக்கெட் பால் குடித்தான், அப்போதும் ஒன்றும் ஆகவில்லை. அதே சோயாதானே? சோயா குற்றவாளி என்றால் அது ஏன் அத்தனை நாள் காத்திருந்தது?

அன்றைக்கு வானம் விடிந்ததிலிருந்தே பெய்துகொண்டிருந்தது. ரயில் சயானைத் தாண்டியதும் நின்றது. முன்னால் தண்டவாளம் தண்ணீருக்குள் இருப்பதாகச் சொன்னார்கள். பெண்கள் பெட்டியில் ஒருத்தி பட்டாணி உரித்து முடித்தாள், இன்னொருத்தி ஹனுமான் சாலீசாவை இரண்டு முறை முடித்தாள். ரயில் அசையவில்லை. வந்தனா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கி, முழங்கால் தண்ணீரில் நடந்து, நடுப்பகலுக்கு வீடு வந்து சேர்ந்தாள்.

சமையலறையிலிருந்து தாத்தாவின் குரல் கேட்டது. "ஒரே பக்கமா கலக்கணும் மாரி. இங்கயும் அங்கயும் கலக்கினா உறை குழம்பிப் போயிடும்."

எட்டிப் பார்த்தாள். மேடை மேல் ஆறிக்கொண்டிருந்த சோயா பால். பக்கத்தில் திறந்த, ஈயம் பூசிய பித்தளைக் கும்பா. சுந்தரராமன் கையில் ஸ்பூன்.

"குட்டனுக்குத்தான் சோயா கூடாதுன்னாச்சே. யாருக்கு அப்பா இது?"

"ஊறப்போட்டது மிச்சம் இருந்தது, வீணாக்குவானேன்னு மாரி அரைச்சா. தயிரா பண்ணி அவாத்துக்கு எடுத்துண்டு போகட்டுமே."

"அந்தக் கும்பாவில என்ன?"

"உறை."

"எதோட உறை?"

"நம்மாத்து உறை."

"அது எதுலேர்ந்து வந்தது அப்பா?"

"கல்பாத்தியிலேர்ந்து." சுந்தரராமன் நிமிர்ந்தார், இந்தக் கேள்வியை யாராவது கேட்க வேண்டும் என்று அவர் பல வருஷங்களாகக் காத்திருந்தார். "என் தாத்தா உத்தியோகம் தேடி பம்பாய்க்கு வரச்சே, இதே கும்பாவை மடியிலே வெச்சுண்டு ரயில்லே வந்தாராக்கும். வழியிலே பால் வாங்கி வாங்கி ஊத்தி..."

"ஊர் கேக்கலை அப்பா. பசும்பால் தயிரா, இல்லையா?"

சுந்தரராமன் ஸ்பூனைப் பார்த்தார்.

"தயிர்னு சொல்ல முடியாது. உறை. உறை வேறே, தயிர் வேறேயாக்கும்."

"குட்டனோட தயிருக்கும் இதைத்தான் விட்டியா?"

"பின்னே? உறை விடாம தயிர் எப்படி உறையும்? ஒரு துளிடி. ஒரு ஸ்பூன் இருக்குமா?"

மாரிசெல்வி கிரைண்டரைத் துடைப்பதில் மும்முரமானாள். பிறகு துடைக்க இடமில்லாமல் போனதும் சொன்னாள்: "மாமா ஒரு ஸ்பூன்தான் சொன்னாவ. சோயா லேசுல உறைய மாட்டேங்குதேன்னு நான்தாம்மா மேல ரெண்டு கரண்டி ஊத்துவேன்."

வந்தனா சேலைத் தண்ணீர் சொட்டச் சொட்டத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஊரில் விற்கிற ஒவ்வொரு பாக்கெட்டின் பின்பக்கத்தையும் கண் வலிக்கப் படித்தவள் அவள். சொந்த அடுக்களையின் கும்பாவுக்குப் பின்பக்கம் கிடையாது.

"நான் டாக்டர்கிட்டே எதுவுமே இல்லைன்னு சத்தியம் பண்ணாத குறையா சொல்லிட்டு வந்தேன் அப்பா."

"நீ கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

"சோயாத் தயிர்ல பால் இருக்கான்னு நான் எதுக்குக் கேக்கணும்?"

"உறை பாலாடி?" என்றார் சுந்தரராமன் மறுபடியும். ஆனால் இந்த முறை அது கேள்வியாகவே வந்தது.

அவர் கடைசித் தற்காப்பாக பெங்களூருக்குப் போன் போட்டார், ஸ்பீக்கரில். "விசாலம், நம்ம கல்பாத்தி உறை நூறு வருஷம் வாழ்ந்த உறை. அதைச் சாப்பிட்டு இந்த வம்சத்திலே யாருக்காவது ஒண்ணு வந்திருக்கா? நீயே உன் பொண்ணுகிட்டே சொல்லு."

அந்தப் பக்கம் பச்சைக் குழந்தை ஒன்று வீறிட்டது. அதைத் தாண்டி விசாலாக்ஷியின் குரல் வந்தது. "கல்பாத்தி உறையா? அது போன மழைக்கே நூல்விட்டுக் கெட்டுப்போச்சே. எதிராத்து ஹன்ஸாபென்கிட்டே ஒரு கரண்டி வாங்கித்தான் விட்டேன். அதுக்கு முந்தின வருஷமும் அவகிட்டேதான் வாங்கினேன். என்னவாம் இப்போ? கொழந்தைக்கு எப்படி இருக்கு?"

சுந்தரராமன் பால்கனிக்குப் போய் மழையைப் பார்த்தார். மழை அவரைக் கவனிக்கவில்லை.

சாதியா விஷயத்தைக் கேட்டுவிட்டுக் குட்டனின் பழைய சீட்டை எடுத்துப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "பாவம் சோயா. தப்பே பண்ணாம உள்ள போட்டுட்டோம். நானும்தான் அங்கிள், தயிருக்கு உறை எங்கேர்ந்துன்னு நான் கேட்டிருக்கணும். எங்க வீட்டுலயும் அப்படித்தான் ஊத்துவாங்க." பிறகு கண்டிப்பானாள். "கொஞ்ச நாள் எல்லாத்தையும் நிறுத்துங்க. தோல் சரியாகட்டும். அப்புறம் சோயாவை இங்க வெச்சுக் குடுப்போம். நீங்களா வீட்டுல ஒண்ணும் பண்ணக் கூடாது. அங்கிள், முக்கியமா நீங்க."

தோல் சரியாயிற்று. வயிறும் அடங்கியது. மீன் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து குட்டன் மறுபடியும் சோயா பால் குடித்தான். தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, யாரும் பிடுங்கிவிடுவார்களோ என்று ஓரக்கண்ணால் பார்த்தபடி. ஒன்றும் ஆகவில்லை. இன்னும் வேண்டும் என்றான். வந்தனா கழிப்பறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

பால் சரி. தயிர்?

மிளகாய்க் காம்பு போட்டால் உறையும் என்று முதலில் சொன்னது யார் என்பதில் இன்றுவரை தகராறு இருக்கிறது. தான்தான் என்கிறாள் மாரிசெல்வி. எங்கோ படித்ததாக ஞாபகம் என்கிறார் சுந்தரராமன். முதல் முயற்சி மாரிசெல்வியுடையது. அது ஒரு நாற்றமாக முடிந்து, ஹன்ஸாபென் இந்த முறை ஜன்னலைச் சாத்தியதோடு நிற்காமல் கதவையும் தட்டிக் கேட்டாள். இரண்டாவது முயற்சி சுந்தரராமனுடையது. காம்பைக் கிள்ளிப் போடுவதற்குப் பதிலாக மிளகாயையும் சேர்த்துப் போட்டுவிட்டார். தயிர் உறைந்தது, ஒரு ஸ்பூன் ருசி பார்த்த அனந்த் அன்றைக்கு ராத்திரியே புனேக்குக் கிளம்பிப் போனான், தற்செயலாகத்தான்.

"மாமா, காம்புன்னா காம்பு. மொளகா எதுக்கு?"

"காம்பு மொளகாயோடதானே ஒட்டிண்டிருக்கு?"

"அப்படிப் பார்த்தா மொளகா செடியில ஒட்டிக்கிட்டிருக்கு. செடியையும் புடுங்கிப் போடுவீயளா?"

மூன்றாவது முறை கழுவித் துடைத்த காம்புகளை வெதுவெதுப்பான சோயா பாலில் போட்டு, மூடி, சூடு ஆறாமல் கம்பளியில் சுற்றி வைத்தார்கள். அது உறைந்தது. அதிலிருந்து ஒரு கரண்டி எடுத்து விட்டதில் மறுநாள் தயிர் கட்டியாக உறைந்தது. அதற்கென்று புது எவர்சில்வர் பாத்திரம், புதுக் கரண்டி, புது வடிகட்டி. மூன்றின் காதிலும் மாரிசெல்வி சிவப்பு நூல் கட்டினாள். அந்தக் கரண்டி தவறிப்போய் வீட்டுத் தயிரைத் தொட்டால் அதோடு அதற்கு அந்த வீட்டில் வேலை இல்லை என்று அறிவித்தாள். சுந்தரராமன் அதைத் தன் பெயரில் ஒரு சுற்றறிக்கையாகத் தயாரித்து வாய்மொழியாக வெளியிட்டார்.

கிளினிக்கில் சாதியாவின் கண் முன்னால் குட்டன் அந்தத் தயிரில் பிசைந்த சாதத்தைத் தின்றான். கழுத்து சுத்தமாக இருந்தது. வாய் சுத்தமாக இருந்தது, வழிந்த பருக்கைகளைத் தவிர.

"இதை எப்படிச் செஞ்சீங்கன்னு எங்க அம்மாகிட்ட சொல்லணும்" என்றாள் சாதியா.

"தாராளமா" என்றார் சுந்தரராமன். "விரிவா சொல்றேன்."

"அவங்களை நான் போன்ல பேசச் சொல்றேன் அங்கிள். இப்போ வெளிய அஞ்சு பிள்ளைங்க உட்கார்ந்திருக்கு."

அடுத்த மாதம் தராசில் ஏற்றியபோது முள் நகர்ந்தது. சாதியா கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி பார்த்தாள். நன்றாகவே நகர்ந்திருந்தது. அட்மிட் என்ற வார்த்தையை யாரும் எடுக்கவில்லை. திரும்பி வரும் வழியில் சுந்தரராமன் டாக்ஸிக்காரனிடம் தாவரப் பால்களின் குணாதிசயங்களை ஹிந்தியில் விளக்கினார். அவன் தனக்கு எருமைப்பால் போதும் என்று சொல்லியும் விடவில்லை. வந்தனா மடியில் தூங்கிப்போன குழந்தையின் கனத்தைத் தொடையில் உணர்ந்துகொண்டே வந்தாள். கால் மரத்தது. அவள் மாற்றி உட்காரவில்லை.

மழை ஓய்ந்து வெயில் வந்தது. துணிகள் காய்ந்தன. வந்தனா நிம்மதியாக ஐரோலி போய் வந்தாள். அப்போதுதான் புதிதாக ஒரு பிரச்சினை முளைத்தது. குட்டனின் தயிர் குறைந்துகொண்டே வந்தது. முதல் நாள் சாயங்காலம் கழுத்து மட்டும் இருக்கும் பாத்திரம், மறுநாள் மாரிசெல்வி மத்தியானச் சாதம் பிசையும்போது பாதிக்குக் கீழே இறங்கியிருக்கும். குழந்தை கிண்ணத்தைக் காட்டி இன்னும் கேட்பான். இருக்காது.

"நான் தொடலம்மா" என்றாள் மாரிசெல்வி. "எனக்கு அந்த வாடையே ஆவாது."

"உங்களை யார் சொன்னா மாரிக்கா? பூனை வரதோ என்னவோ."

"மூணு மாடி ஏறி வந்து, பிரிட்ஜைத் தொறந்து, தின்னுட்டு, தட்டத்தை மூடி வச்சிட்டுப் போற பூனையா? அப்படி ஒரு பூனை இருந்தா நான் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருதேன்மா. இட்லி அவிக்க ஆள் வேணும்."

மறுநாள் காலையில் வந்தனா வழக்கத்தைவிடச் சீக்கிரம் எழுந்தாள். சமையலறையில் பிரிட்ஜ் திறந்திருந்தது. அதன் வெளிச்சத்தில் சுந்தரராமன் வேஷ்டியோடு நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் சிவப்பு நூல் கட்டிய பாத்திரம், மறு கையில் சிவப்பு நூல் கட்டிய கரண்டி. மேடையில் சர்க்கரை டப்பா மூடியில்லாமல் இருந்தது.

"அப்பா?"

"தரப் பரிசோதனை" என்றார் வாய் நிறைய.

"கொழந்தையோட தயிரை தினமுமா பரிசோதனை பண்றே?"

அவர் விழுங்கிவிட்டு, கரண்டியைக் கழுவினார். நூல் நனையாமல் ஜாக்கிரதையாகக் கழுவினார்.

"இது சாப்பிட்டா எனக்கு வயிறு ஊதறதில்லைடி" என்றார்.

பாலோ தயிரோ சாப்பிட்டால் வயிறு ஊதிக்கொள்ளும் உபத்திரவம் சுந்தரராமனுக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே உண்டு.